ஊமைக்காயம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குயில் தோப்பு என்றால் இன்றும் வழி சொல்வார்கள். கிருஷ்ணசாமிச் செட்டியாரின் மாந்தோப்பு அது. பாரதி அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'வெல்லச்சு செட்டியார்'. 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு எல்லைக்குள் ஒதுங்கியிருந்த பாரதி, பிரிட்டிஷ் ஒற்றர்களின் கண்ணுக்குத் தப்பி மூச்சுவிடப் போன இடங்களில் ஒன்று. குயில் பாட்டு பிறந்த தோப்பு என்று இலக்கியம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சரி, அந்தக் கவிஞர் எப்படி இறந்தார்?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம் நின்று கேட்டாலும், மதுரையில் கேட்டாலும், யாழ்ப்பாணத்தில் கேட்டாலும் பத்தில் பாதிப்பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "யானை அடிச்சு செத்துட்டாரு." பள்ளிக்கூடத்திலிருந்து நாம் சுமந்து வந்த பதில் இது. இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "யானை அடிச்சதுல உள்காயம் பட்டு, அது உள்ளுக்குள்ளேயே இருந்து கொன்னுடுச்சு" என்பார்கள்.

இந்த இரண்டாவது பதில்தான் எனக்கு முக்கியம். ஏனென்றால் அதில் ஒரு மருத்துவக் கூற்று ஒளிந்திருக்கிறது. மேலே ஒன்றும் தெரியாமல், உள்ளே ஓர் உறுப்பு கிழிந்து, நாள்கணக்கில் காத்திருந்து ஆளைக் கொல்ல முடியும் என்கிற கூற்று. தமிழில் அதற்கு ஓர் அற்புதமான சொல்லும் இருக்கிறது: ஊமைக்காயம். ரத்தம் வராத, வாய் திறக்காத காயம். ஆங்கில மருத்துவம் அடித்த பொருளைப் பார்த்து அது மழுங்கலானது என்று பெயர் வைத்தது. நாம் காயத்தைப் பார்த்து அது பேசவில்லை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பேசாத காயத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. அதற்காக வேறு யாராவது பேச வேண்டும். பேசுகிறவர் யார் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். இந்தக் கட்டுரையில் இரண்டு மரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். ஒன்று 1921இல் திருவல்லிக்கேணியில். இன்னொன்று 1875இல் ஆக்ராவில். ஒன்றில் அடி கொல்லவில்லை, ஆனால் அடிதான் கொன்றது என்று ஊரே நம்புகிறது. மற்றொன்றில் அடி கொன்றது, ஆனால் நோய்தான் கொன்றது என்று கோர்ட்டு எழுதி வைத்தது.

*

முதலில் யானை.

1920 நவம்பரில் பாரதி சென்னைக்கு வந்து மறுபடி சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். குடியிருப்பு திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயில் யானைக்குத் தேங்காய், பழம் கொடுப்பது வழக்கம். ஒருநாள் யானைக்கு மதம் பிடித்திருந்தது, கட்டிப்போட்டிருந்தார்கள். பாரதி வழக்கம்போல நெருங்கிப் போனார். யானை துதிக்கையால் தள்ளி வீழ்த்தியது. அதன் கால்களுக்கு நடுவே அவர் விழுந்து கிடக்க, குவளைக்கண்ணன் என்ற கிருஷ்ணமாச்சாரி பாய்ந்து போய் வெளியே இழுத்து வந்தார். புதுச்சேரியில் பாரதியோடு ஒட்டிக்கொண்ட நண்பர்களில் ஒருவர் அவர். மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியார் முதலான நண்பர்கள் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். முண்டாசு தலையைக் காப்பாற்றியது, முகத்திலும் உதட்டிலும் காயம் என்று நெருங்கியவர்கள் எழுதிய நினைவுகள் சொல்கின்றன.

இது எப்போது நடந்தது? ஜூன் 1921 என்பது பரவலான கணக்கு. அதற்கும் சில மாதம் முன்பே நடந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, அதாவது 12ஆம் தேதி அதிகாலை. மிகக் குறைத்து வைத்தாலும் நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

அந்த இரண்டு மாதத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் இங்கே சாட்சி. ஆபீஸ் போனார், எழுதினார். ஜூலை கடைசியில் ரயிலேறி ஈரோடு போனார். கருங்கல்பாளையம் வாசகசாலையில் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். திரும்பி வந்து அந்தப் பயணத்தைப் பற்றி ஆகஸ்டு தொடக்கத்தில் சுதேசமித்திரனில் ஒரு கட்டுரையும் எழுதினார். ஈரோடு போய் மேடையேறிப் பேசிவிட்டு வந்து அதைக் கட்டுரையாக எழுதுகிற ஒருவருடைய வயிற்றுக்குள், யானை அடித்த காயம் ஆறாமல் இருந்திருக்க முடியுமா?

இதற்குப் பதில் சொல்ல வயிற்றுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

*

நெஞ்சுக்கு விலா எலும்பு இருக்கிறது, மூளைக்கு மண்டையோடு. வயிற்றுக்கு முன்பக்கம் தசையும் தோலும்தான், பின்பக்கம் முதுகெலும்பு. அடி முன்னாலிருந்து வந்தால் நடுவில் இருப்பவை அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரிதான். சைக்கிளிலிருந்து விழும் பிள்ளைக்கு ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தினால், வெளியே ஒரு வட்டத் தடம் மட்டும் இருக்கும். உள்ளே முதுகெலும்பின் மேல் குறுக்காகப் படுத்திருக்கும் கணையம் இரண்டாகப் பிளந்திருக்கலாம்.

இரண்டாவது வழி, ஓட்டம் சட்டென்று நிற்பது. வண்டி மோதி நிற்கிறது, உடம்பும் நிற்கிறது. உள்ளே தொங்கும் உறுப்புகள் இன்னும் அரை நொடி ஓடுகின்றன. குடலைத் தாங்கிப் பிடிக்கும் மடிப்பு, அதில் ஓடும் ரத்தக்குழாய்கள், கல்லீரலைக் கட்டியிருக்கும் தசைநார்கள் எல்லாம் கட்டிய இடத்தில் கிழிகின்றன. மூன்றாவது, அழுத்தம். நிறைந்த சிறுநீர்ப்பை மேல் அடி விழுந்தால் பலூன் மாதிரி வெடிக்கும்.

உறுப்புகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் எளிது. மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் போன்றவை கெட்டியானவை, ரத்தம் நிறைந்தவை. கிழிந்தால் ரத்தம் கொட்டும், மணிக்கணக்கில் கொல்லும். இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை போன்றவை உள்ளே குழியானவை. ஓட்டை விழுந்தால் உள்ளிருப்பது கசியும், வயிறு சீழ்பிடிக்கும், நாள்கணக்கில் கொல்லும். கடிகாரம் வேறு வேறு.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து, வெளியே தெரியாமல் இருப்பதுதான். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். அதில் ஒன்றிரண்டு லிட்டர் வயிற்றுக்குள் தேங்கினாலும் வயிறு அப்படியொன்றும் உப்பித் தெரியாது. அதுவும் இளவயது உடம்பு ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக நடிக்கும். ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி, ரத்த அழுத்தத்தை விழாமல் பிடித்து வைத்திருக்கும். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லப்பா" என்று சோடா குடிப்பார். பிடித்து வைக்க முடியாத கட்டம் வந்ததும் ஒரேயடியாகச் சரிவார்.

மண்ணீரலில் இன்னொரு தந்திரமும் உண்டு. அதன் மேல் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. உறை கிழியாமல் உள்ளே மட்டும் ரத்தம் கட்டினால், நாள்கள் கழித்து உறை உடைந்து ரத்தம் கொட்டலாம். அடிபட்டு 48 மணி நேரமாவது நலமாக இருப்பது போன்ற அந்த இடைவெளிக்கு 1907இல் அதை விவரித்த போதே என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரே ஒட்டிக்கொண்டது. யானை உள்ளுக்குள்ளேயே கொன்றது என்கிற நம் நம்பிக்கைக்கு மருத்துவத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் இதுதான். ஆனால் அந்த இடைவெளி பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். சில வாரங்கள் நீண்ட அபூர்வ நோயாளிகளும் உண்டு. அப்படி உடைந்தாலும் முடிவு எப்படி இருக்கும்? சட்டென்று வெளுத்து, வியர்த்து, மயங்கி விழுவார்கள். வயிற்றுப்போக்கு வந்து பத்து நாள் படுத்துக் கிடக்க மாட்டார்கள்.

குடல் கிழிந்திருந்தால்? 1921இல் பெனிசிலினும் இல்லை, வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கும் இல்லை. அறுவை செய்யாவிட்டால் ஒரு வாரம் தாங்குவதே அதிசயம். ஈரோடு ரயில் எல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

ஆக, கடிகாரங்கள் எதுவுமே பொருந்தவில்லை. பாரதியைக் கொன்றது வயிற்றுக்கடுப்பு. செப்டம்பர் தொடக்கத்தில் வந்தது, மருந்து சாப்பிட மறுத்தார், உடம்பு ஏற்கெனவே மெலிந்திருந்தது. கடைசி இரவு பரலி சு. நெல்லையப்பர், நீலகண்ட பிரம்மச்சாரி முதலானவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். ஆப்கானிஸ்தானின் அமானுல்லா கானைப் பற்றி மித்திரனுக்கு எழுத வேண்டும் என்று அன்றும் பேசிக்கொண்டிருந்தார் என்பது நெல்லையப்பர் தரும் செய்தி. வயது 38. அமீபாவால் வரும் வயிற்றுக்கடுப்புக்கு எமெட்டின் ஊசி போடலாம் என்பதை 1912இலேயே கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் காட்டியிருந்தார். வறுமை, கெட்ட தண்ணீர், பலவீனமான உடம்பு, வேண்டாம் என்று தள்ளிய மருந்து. இதுதான் அந்த மரணம். யானையோடு ஒப்பிட்டால் இதில் ஒரு கம்பீரமும் இல்லை. அதனால்தான் நாம் யானையைப் பிடித்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். மகாகவி பேதியில் போனார் என்று சொல்ல ஒரு சமூகத்துக்குக் கூச்சமாக இருக்காதா?

*

பாரதியைக் கொண்டுபோன ராயப்பேட்டை ஆஸ்பத்திரி 1911இல் தொடங்கியது. அதன் முதல் கண்காணிப்பாளர் சார்லஸ் டோனவன் என்ற அயர்லாந்துக்காரர். அவர் புகழ்பெற்றதே மண்ணீரலால்தான். 1903இல் சென்னையில், வீங்கிய மண்ணீரலோடு வந்த நோயாளிகளிடம் ஊசியால் எடுத்த ரத்தத்தில் அதுவரை பெயரிடப்படாத ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். கறுங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரின் கிருமி. அதே கிருமியை லெய்ஷ்மன் தனியாகக் கண்டிருந்ததால் இருவர் பெயரையும் சேர்த்து அது இன்றும் அழைக்கப்படுகிறது. யானை பாரதியைத் தள்ளியபோது டோனவன் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்.

டோனவனிடம் வந்த அந்த வயிறுகள்தான் நம்மை ஆக்ராவுக்குக் கூட்டிப்போகின்றன. நல்ல நிலையில் மண்ணீரல் ஒரு கைப்பிடி அளவு, 150 முதல் 200 கிராம் வரை. இடது பக்கம் ஒன்பது, பத்து, பதினோராம் விலா எலும்புகளுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் அது பல மடங்கு பெருத்து, விலா எலும்பைத் தாண்டி வயிற்றுக்கு இறங்கும். கவசத்துக்கு வெளியே வந்துவிடும், உறையும் நைந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் கூலிக்காரர்களில், பங்கா இழுப்பவர்களில், குதிரைக்காரர்களில் இப்படிப்பட்ட வயிறுகள் சாதாரணம்.

1875 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் குடும்பத்தோடு சர்ச்சுக்குக் கிளம்பினார். வண்டி வந்தபோது குதிரைக்காரர் அங்கே இல்லை. கட்வாரு என்ற குதிரைக்காரரைத் தலையிலும் முகத்திலும் கையால் அடித்து, முடியைப் பிடித்து இழுத்தார். கட்வாரு கீழே விழுந்தார். குடும்பம் சர்ச்சுக்குப் போனது. கட்வாரு எழுந்து பக்கத்து வளாகம் வரை போய் அங்கேயே இறந்தார்.

பிரேதப் பரிசோதனையில் மண்ணீரல் கிழிந்திருந்தது. அது ஏற்கெனவே வீங்கியிருந்ததால் லேசான தாக்குதலே போதும் என்றார் மருத்துவர். மருத்துவம் என்ற அளவில் அவர் சொன்னது சரிதான். அந்தச் சரியான வாக்கியத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றம் என்ன செய்தது என்பதுதான் கதை. லீட்ஸ் என்ற மாஜிஸ்டிரேட், 'காயப்படுத்துதல்' என்ற சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்தார். அபராதம் 30 ரூபாய். உயர் நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

1876 ஜூலையில் வைஸ்ராய் லிட்டன் இதைக் கண்டித்து ஒரு குறிப்பு எழுதினார். லிட்டன் ஒன்றும் இந்தியர்களின் தோழர் இல்லை. தென்னிந்தியாவைப் பஞ்சம் தின்றபோது டில்லியில் தர்பார் நடத்தியவர், 1878இல் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போட்டவர். அவருக்கே இந்தத் தீர்ப்பு பொறுக்கவில்லை. அதற்காக இங்கிருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கின.

இதில் சட்டம் இல்லாத குறை எதுவும் கிடையாது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 299, முதல் விளக்கம்: ஏற்கெனவே நோயால் அவதிப்படுகிற ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தி அவருடைய சாவை விரைவுபடுத்தினால், அந்தச் சாவை உண்டாக்கியவராகவே கருதப்படுவார். அதாவது 'அவன் ஏற்கெனவே நோயாளி' என்பது தப்பிக்கும் வழி ஆகாது. ஆனால் கொலைக்குற்றத்துக்கு எண்ணமோ அறிவோ இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்த இடைவெளியில்தான் வெள்ளைக்கார எஜமானர்கள் புகுந்து வெளியே போனார்கள். மண்ணீரல் வீங்கியிருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இந்தியர்களின் மண்ணீரல் எளிதில் கிழியும் என்பது அடித்தவர்களுக்குத் தெரியாது என்றால், வழக்குக்கு வழக்கு அதே மண்ணீரலைச் சாட்சிக்கு இழுக்கும் அளவுக்கு அது ஊரறிந்த விஷயமாக எப்படி ஆனது? ஊருக்கே தெரிந்த ஒன்று, கை ஓங்கும்போது மட்டும் மறந்துபோகுமா? இப்படிப்பட்ட வழக்குகள் பல. இவற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜோர்டானா பெய்ல்கின் 2006இல் எழுதிய கட்டுரையின் பெயரிலேயே பூட்ஸும் மண்ணீரலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பூட்ஸ் காலும் மண்ணீரலும் சந்தித்தால், குற்றவாளி மண்ணீரல்தான் என்று ஓர் ஆட்சியே பழகியிருந்தது.

திருவல்லிக்கேணியில் காயத்துக்காகப் பேசியது அன்பு. ஆக்ராவில் பேசியது அதிகாரம். இரண்டுமே உள்ளே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆக்ராவில் வயிற்றைத் திறந்தே பார்த்தார்கள். பார்த்தபின் தேவையான வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

*

இறந்தபின் திறந்து பார்ப்பது பழைய வித்தை. உயிரோடு இருக்கும்போது திறந்து, தைத்து, பிழைக்க வைப்பதுதான் புதிது. கட்வாரு இறந்து பதினேழு வருடம் கழித்து, 1892இல், பிரெஸ்லாவ் நகரத்தில் ரீக்னர் என்ற அறுவை மருத்துவர் உயரத்திலிருந்து விழுந்த 14 வயதுப் பையனின் வயிற்றைத் திறந்தார். கிழிந்த மண்ணீரலை முழுதாக எடுத்தார். பையன் பிழைத்தான். ஊமைக்காயத்தில் கிழிந்த மண்ணீரலை எடுத்து ஒருவரைப் பிழைக்க வைத்த முதல் அறுவையாக மருத்துவ வரலாறு அதைத்தான் சொல்கிறது.

1908இல் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், கல்லீரலுக்கு ரத்தம் போகும் குழாய்களை விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்து நிறுத்தும் முறையை எழுதினார். அவர் எழுதிய நோயாளிகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. அந்தப் பிடி மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் கிழிந்த கல்லீரலோடு வரும் ஒருவருக்கு அறுவை மருத்துவரின் கை முதலில் தேடிப்போகும் இடங்களில் அது ஒன்று.

அன்றைக்கு இல்லாதது கைத்திறமை மட்டும் இல்லை. ரத்த வகைகளை லாண்ட்ஸ்டைனர் 1901இல் கண்டுபிடித்தும், இந்தியாவில் ரத்த வங்கி என்று ஒன்று வர ஏறத்தாழ நாற்பது வருடம் ஆனது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், கிழிந்த மண்ணீரலைக் காட்டாது. 1921இல் ராயப்பேட்டையில் ஒருவர் வயிற்றில் அடிபட்டு வந்திருந்தால் மருத்துவரிடம் இருந்தது கை, காது, கடிகாரம். வயிறு மரம்போல இறுகியிருக்கிறதா? நாடி ஏறுகிறதா? அடிபடாத இடது தோளில் வலிக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தெரியலாம். மண்ணீரலிலிருந்து கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உரசும்போது, அந்த நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், மூளை குழம்பித் தோளில் வலி என்று சொல்லும். ஊமைக்காயத்துக்கும் ஒரு வாய் உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் கேரின் பெயரால் அந்த வலி அறியப்படுகிறது.

அரை நூற்றாண்டுக்கு விதி எளிமையாக இருந்தது. மண்ணீரல் கிழிந்ததா, எடுத்துவிடு. அது இல்லாமலும் மனிதன் வாழலாம், அதற்கென்று பெரிய வேலை இல்லை என்று நினைத்தார்கள். 1952இல் அமெரிக்காவில் கிங், ஷூமாக்கர் இருவரும் மண்ணீரல் எடுக்கப்பட்ட சில கைக்குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித்தொற்று வந்ததை எழுதினார்கள். ரத்தத்தில் நுழையும் சில பாக்டீரியாக்களை வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு என்பது அப்புறம்தான் உறைத்தது. எதற்கும் உதவாது என்று கட்வாருவின் காலத்திலிருந்து அவப்பெயர் சுமந்த உறுப்பு ஒரு காவல்காரன் என்று தெரிய வந்தது.

அடுத்த திருப்பத்தில் ஓர் இந்தியப் பெயர் இருக்கிறது. புருஷோத்தம் உபாத்யாய, பின்னாளில் டில்லி எய்ம்ஸில் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைத் துறையை நடத்தியவர். 1968இல் டொராண்டோவில் சிம்ப்சனோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மண்ணீரல் கிழிந்த குழந்தைகளில் பலருக்கு வயிற்றைத் திறக்கவே தேவையில்லை, கூடவே இருந்து கவனித்தால் அது தானாக ஆறுகிறது. அன்றைக்கு இது கிட்டத்தட்ட மதநிந்தனை. கிழிந்தது எப்படித் தானாக ஒட்டும் என்று கேட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, ரத்த அழுத்தம் நிலையாக இருக்கும் பெரியவர்களுக்கும் அதுதான் வழக்கம். பூட்ஸ் காலின் குற்றத்தைச் சுமந்த இந்திய மண்ணீரல்களின் வரலாற்றுக்கு ஓர் இந்திய மருத்துவர் எழுதிய அடுத்த அத்தியாயம் என்று இதை நான் வாசித்துக்கொள்கிறேன்.

திறக்காமல் காத்திருக்கத் துணிச்சல் வந்ததற்குக் காரணம், திறக்காமலே பார்க்க முடிந்தது. 1965இல் வயிற்றுக்குள் சின்னக் குழாய் விட்டு, உப்புநீர் செலுத்தித் திரும்ப எடுத்து, ரத்தம் கலந்து வருகிறதா என்று பார்க்கும் சோதனை வந்தது. 1970களில் சி.டி. ஸ்கேன். 1990களில் படுக்கைக்குப் பக்கத்திலேயே நாலைந்து இடத்தில் அல்ட்ராசவுண்டு கருவியை வைத்து, ஓரிரு நிமிடத்தில் ரத்தத்தின் கறுப்பு நிழலைக் கண்டுபிடிக்கும் முறை. அதுவரை ஊமையாக இருந்த காயத்தின் வாயைத் தோலைக் கிழிக்காமலே திறந்த சாவிகள் இவை.

அறுவை வேண்டியவர்களுக்கு முறையும் மாறியது. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை நேர்கோட்டில் திறப்பார்கள். நான்கு மூலையிலும் பெரிய துணிப்பட்டைகளைத் திணித்து முதலில் ரத்தத்தை நிறுத்துவார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து எங்கே கிழிசல் என்று தேடுவார்கள். குடலை முழு நீளத்துக்கும் கையில் உருவிப் பார்ப்பார்கள், ஒரு சின்ன ஓட்டை தப்பினால் நாலாம் நாள் அது ஆளைக் கொல்லும். முன்பெல்லாம் எல்லாவற்றையும் தைத்து முடித்துத்தான் வெளியே வருவார்கள். அறுவை கச்சிதமாக முடியும், நோயாளி குளிர்ந்துபோய், ரத்தம் உறையாமல் இறந்திருப்பார். 1980களிலும் 90களிலும் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. ரத்தத்தை நிறுத்து, கசிவை அடை, துணியை உள்ளேயே வைத்துத் தற்காலிகமாக மூடு, தீவிர சிகிச்சையில் உடம்பைச் சூடாக்கி ரத்தம் ஏற்று, ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி திறந்து மிச்சத்தை முடி. ஒரே உட்காரலில் முடிக்காமல் விடத் தெரிவதும் திறமைதான் என்று ஒரு துறையே ஒப்புக்கொண்ட தருணம் அது.

*

இன்றைக்கு முத்தியால்பேட்டையில் ஒரு பையன் டூவீலரிலிருந்து விழுந்தால், சில கிலோமீட்டர் தொலைவில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அதன் வேர் 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில். ஸ்கேன் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, திறக்கவும் திறக்காமல் காத்திருக்கவும் தெரிந்த கைகள் இருக்கின்றன. இல்லாமல் போவது பெரும்பாலும் விழுந்த இடத்திலிருந்து அங்கே போகும் வரையிலான முதல் முடிவு. ரத்தம் வந்தால் ஓடுகிறோம். ரத்தம் வராவிட்டால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறோம். வயிற்றில் அடிபட்டவருக்கு வலி கூடிக்கொண்டே போனால், தோள் வலித்தால், முகம் வெளுத்து வியர்த்தால், வயிற்றில் ஹேண்டில்பார் தடமோ சீட்பெல்ட் தடமோ இருந்தால், அந்தத் தண்ணீரையும் கொடுக்காமல் கிளப்பிக்கொண்டு போக வேண்டும். 150 வருட மருத்துவ வரலாறு நமக்காகச் சுருக்கித் தரும் பாடம் இவ்வளவுதான்.

ஆனால் ஸ்கேன் எல்லா ஊமைக்காயத்தையும் பேச வைத்துவிடாது. வீட்டில் வயிற்றில் உதைபட்ட பெண் ஆஸ்பத்திரியில் "படியில் விழுந்துட்டேன்" என்கிறாள். தடம் தெரியாமல் அடிப்பதை ஒரு தொழில்நுட்பமாகவே கற்றுவைத்திருக்கும் லாக்கப்புகளின் கதைகள் நமக்குப் புதிதில்லை. "ஏற்கெனவே அவருக்கு உடம்பு சரியில்லை" என்ற வாக்கியம் இன்றும் செய்திகளில் தென்படும்போதெல்லாம் எனக்கு ஆக்ரா ஞாபகம் வருகிறது. கருவி, எந்த உறுப்பு எங்கே கிழிந்திருக்கிறது என்று சொல்லும். யார் கிழித்தது என்பதைச் சொல்ல ஆள்தான் வேண்டும். அந்த ஆள் பயப்படாமல் இருக்க வேண்டும்.

பாரதி விஷயத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் யானைக் கதையைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று தோன்றுகிறது. அந்த யானைமேல் பரிதாபப்பட்டு மட்டும் சொல்லவில்லை. யானை அடித்தது என்றால் அது விதி, விபத்து, யாரும் பொறுப்பில்லை. வயிற்றுக்கடுப்பு என்றால் கேள்விகள் வரும். 38 வயதில் அந்த உடம்பு ஏன் அப்படி மெலிந்திருந்தது? புதுச்சேரியில் பத்து வருடம் அந்தக் குடும்பம் என்ன சாப்பிட்டது? அவர் எழுதியவற்றைக் காசு கொடுத்து வாங்க அன்றைக்கு ஏன் ஆள் இல்லை? பாடையைச் சுமந்து கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்கிறார்கள். யானை ஒரு நொடியில் தள்ளிவிட்டது. மற்ற காயம் பல வருடமாகப் பட்டது, அதற்கும் வெளியே ரத்தம் வரவில்லை.